வாசித்ததற்குச் சான்று இல்லை

ரொட்டிக்காரருடைய மகள் ஐந்தாம் வகுப்பை முடித்தபோது, பள்ளிக்கூடம் அவளைப் பற்றி முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டு வீட்டுக்கு அனுப்பியது. பத்து வயசுப் பிள்ளையைப் பற்றி இவ்வளவு எழுத விஷயம் இருக்கிறதா என்று அவருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. தன்னைப் பற்றி யாராவது எழுத உட்கார்ந்தால், பன் நன்றாகச் சுடுவார், ஞாயிற்றுக்கிழமை தூங்குவார் என்று இரண்டு வரியில் கதை முடிந்துவிடும்.

மாவு படிந்த கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு புரட்டிப் பார்த்தார். மார்க் எங்கேயும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் வட்டங்கள்தான் இருந்தன. பச்சை வட்டம் என்றால் 'எட்டிவிட்டார்', மஞ்சள் என்றால் 'எட்டிக்கொண்டிருக்கிறார்', சாம்பல் என்றால் 'சான்று இல்லை' என்று அட்டையின் உள்பக்கத்தில் விளக்கம் இருந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினாறு திறன்கள். வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரின் முதுகை மதித்தல், பச்சை. பக்கத்துப் பிள்ளை தும்மினால் அக்கறை காட்டுதல், பச்சை. பென்சில் சீவிய தூளுக்குப் பொறுப்பேற்றல், பச்சை. இதையெல்லாம் அவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். கடை முன்னால் பன் அடுக்கிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, தூளுக்குப் பொறுப்பேற்கிறவளை வந்து அவள் கட்டிலுக்கு அடியில் ஒருதரம் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றாள்.

இருபத்தோராம் பக்கம் வரைக்கும் ரொட்டிக்காரர் போகவே இல்லை. மகள்தான் போனாள்.

அந்த மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் அவளுக்குப் பெயர் கரையான். காகிதம் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். கடைக்கு வருகிற பழைய செய்தித்தாளில் ஒரு தொடர்கதை இருந்து, பாதி படிக்கும்போது அப்பா அதில் ரொட்டியைச் சுற்றிக் கொடுத்துவிட்டால், வாங்கிப் போனவர் வீட்டுக் கதவைத் தட்டி மீதியைப் படித்துவிட்டு வருவாள். பக்கத்து மருந்துக் கடைக்காரர் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டுகளையெல்லாம் அவளுக்காக எடுத்து வைப்பார். எந்த மருந்தைச் சாப்பிட்டால் தலை சுற்றும், எதைச் சாப்பிட்டால் தூக்கம் வரும் என்று தெருவில் பாதிப் பேர் அவளிடம்தான் கேட்டார்கள். இப்போது வீட்டில், கடையில், தெருவில் படிக்க மிச்சம் எதுவும் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் போகலாம் என்று பள்ளிக்கூடத்தின் பெரிய கட்டடத்து மாடியில் ஒரு நூலகம் இருந்தது. பதினோரு அலமாரி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு வருஷமாக அவள் அந்த மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இறைவணக்கத்துக்கு நின்றாள்.

அவள் அன்று சாயங்காலம் முப்பத்தெட்டுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்து முடித்தாள். பிறகு அப்பாவிடம் வந்து, இருபத்தோராம் பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டு, கடகடவென்று வாசித்துக் காட்டினாள்.

"'வாசித்தல். சாம்பல். கட்டாயத் திறன் ஒன்றுக்குச் சான்று இல்லாத காரணத்தால், மாணவி ஆறாம் வகுப்புக்குச் செல்லாமல், வரும் ஆண்டில் எழுத்தறிமுகக் குழுவில் இணைவார்.' எனக்குப் படிக்கத் தெரியாதாம்ப்பா. ஒண்ணாங்கிளாஸ் பசங்களோட உக்காரணுமாம்."

ரொட்டிக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கே, இன்னொரு தரம் படி என்றார். இன்னும் வேகமாகப் படித்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனார். வகுப்பு டீச்சர் கழுத்தில் கேமரா தொங்க, காதோரம் இரண்டு பேனா செருகியபடி உட்கார்ந்திருந்தார். மேஜையில் பச்சை, மஞ்சள், சாம்பல் வட்டங்கள் ஒட்டிய தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. சுவர் முழுக்கப் படிவங்கள் ஒட்டியிருந்ததால் கரும்பலகை எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியவில்லை. விஷயத்தைக் கேட்டதும் டீச்சர் பெருமூச்சு விட்டு, கோப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

வாசிப்பு நாளில் எடுத்த படம். நாற்பது பிள்ளைகள் நாற்பது புத்தகத்தை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். இல்லை, முப்பத்தொன்பது பேர் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு தலைவகிடு மட்டும் தெரிந்தது.

"எல்லாரும் நிமிந்து பாத்தாங்க. இவ மட்டும் படிச்சிட்டிருந்தா" என்றார் டீச்சர், வருத்தத்தோடு.

முகம் தெரிந்தால்தான் வாசிப்புக்குச் சான்று என்பது விதி. முதல் வரிசையில் சிரிக்கிறவர்களில் நாலு பேருக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது என்று டீச்சரே சொன்னார். ஆனால் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது, அதனால் பச்சை. ரொட்டிக்காரர் தயங்கித் தயங்கி, அவள் படித்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றார் டீச்சர். அப்படியென்றால் அதை எழுதிவிடலாமே என்றார் இவர்.

"நான் பாத்தா சான்று ஆகாதுங்க. நான் வெறும் டீச்சர்."

அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. நாற்பது பிள்ளை, ஆளுக்கு இருநூற்றுப் பதினாறு வட்டம். கடைசியாகப் பாடம் என்று எதை நடத்தினீர்கள் என்று ரொட்டிக்காரர் பேச்சுக்குக் கேட்டு வைத்தார். டீச்சர் நினைவுபடுத்திப் பார்த்துச் சொன்னார். மூன்றாம் மாதம் ஆறுகளைப் பற்றி நடத்த ஆரம்பித்தாராம். ஆறு மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக்கு வந்துவிட்டது. கடலில் சேர்வதற்குள் படிவம் வந்துவிட்டது.

தலைமையாசிரியரைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கையோடு மகளையும் கூட்டி வந்திருந்தார் ரொட்டிக்காரர். அவருடைய தொழிலில், பன் வெந்ததா என்று சந்தேகம் வந்தால் பன்னைப் பிட்டுப் பார்ப்பார்கள். இங்கேயும் அதே வழிதானே என்று நினைத்து, இதோ பிள்ளை, நீங்களே ஏதாவது ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள் சார் என்று மகளை முன்னால் தள்ளினார்.

தலைமையாசிரியர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நல்ல வேளை, அறையில் வேறு யாரும் இல்லை. பிள்ளையை நேருக்கு நேர் படிக்கச் சொல்வது சோதனை. சோதனை பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தும். போன வருஷத்திலிருந்து அதற்குத் தடை என்றார். மகள் அந்தச் சமயம் அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்த அறிவிப்பை உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டென்று எழுந்து அதன் முன்னால் நின்று மறைத்துக்கொண்டார்.

"பரீட்சைங்கிற கொடுமையை நாங்க ஒழிச்சாச்சுங்க" என்றார். "முன்னெல்லாம் வருஷத்துக்கு மூணு தரம் பிள்ளைங்க பயந்து நடுங்கும். இப்ப அந்த மூணு தரமெல்லாம் கிடையாது, வருஷம் பூரா ஒரே சீரா இருக்கு. எங்க முறையில எந்தப் பிள்ளையும் ஃபெயில் ஆகறதே இல்ல. சில பேர் மேல போறதில்ல, அவ்வளவுதான்."

முறையீட்டுப் படிவம் ஒன்று கொடுத்தார். அதைத் தந்தால் முதலில் வீட்டை மதிப்பிட ஆள் வருவார்கள், அப்புறம் குழு கூடும், குழு தீர்மானித்தால் தீர்மானித்ததுதான் என்றார். படிவத்தை மகள்தான் படித்து நிரப்பினாள். 'படிவத்தை நிரப்பியவர்' என்ற இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார்.

வீட்டை மதிப்பிட வந்த மேடம் ஒரு வியாழக்கிழமை காலையில், அடுப்பில் ரொட்டி ஏற்றியிருந்த சமயம் பார்த்து வந்து சேர்ந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. மேடம் கையில் அட்டை, அட்டையில் பத்துப் பன்னிரண்டு தாள். மாவு மூட்டைகளைச் சுற்றி வந்து, வீட்டில் வாசிப்பு மூலை எது என்று கேட்டார். மூலை எல்லாவற்றிலும் மாவு இருக்கிறது என்று மனைவி சொன்னாள். வாசிப்பு மூலை, சாம்பல்.

மகள் அந்த நேரம் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து, மருந்துக் கடைக்காரர் கொடுத்த புதுச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் மேடம், அவ உங்க கண்ணு முன்னாலதானே படிக்கிறா. கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன்."

மேடம் பிடிவாதமாக அடுப்புப் பக்கமே பார்த்தார். "தயவு செஞ்சு காட்டாதீங்கம்மா. பாத்துட்டா எழுதணும். இந்தத் தாள்ல அதுக்குக் கட்டம் இல்ல."

பிறகு பெற்றோரின் தொழிலறிவைப் பதிவு செய்ய வேண்டும் என்றார். ரொட்டி வேகிற ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுக்க வேண்டுமாம். அடுப்புக் கதவைத் திறக்கச் சொன்னார். திறந்தார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் திறக்கச் சொன்னார். மூன்றாவது தரம் கேட்டபோது ரொட்டிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு, இப்படித் திறந்து திறந்து பார்த்தால் சூடு போய்விடும், ரொட்டி எழும்பாது, உள்ளே என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆசையை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா விட்டால்தான் அது ரொட்டியாகும் என்று எடுத்துச் சொன்னார். மேடம் முகம் மலர்ந்தது. எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள், இதை அப்படியே எழுதிக்கொள்கிறேன், அதுவரைக்கும் கதவைத் திறந்தே வையுங்கள் என்றார்.

அன்றைக்கு நாற்பத்தெட்டு ரொட்டியும் செருப்பு மாதிரி தட்டையாக வந்தன. ஒரு வாரம் கழித்து அறிக்கை வந்தது. தொழிலறிவை விளக்குதல்: தந்தை, பச்சை. கேள்வி கேட்டல்: தாய், தேவைக்கு மேல் எட்டிவிட்டார். ரொட்டியையும் விடவில்லை. எழும்புதல், மஞ்சள். எட்டிக்கொண்டிருக்கிறது.

"குடும்பத்துல எல்லாரும் பாஸ், ரொட்டி உள்பட" என்றாள் மனைவி. "படிக்கத் தெரிஞ்சவ மட்டும்தான் பாக்கி."

மகள் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. எழுத்தறிமுகக் குழுவில் ஒரு எழுத்துக்கு ஒரு வாரம் என்று கேள்விப்பட்டிருந்தாள். எல்லா எழுத்தையும் முடிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று விரல் விட்டு எண்ணி, அதற்குள் தனக்குக் கல்யாண வயசு வந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னாள்.

குழு கூடிய அறையில் நீள மேஜை ஒன்று இருந்தது. நடுவில் குழுத் தலைவர், அவருக்கு வலப்பக்கம் தலைமையாசிரியர், இடப்பக்கம் ஓர் உறுப்பினர். அந்த உறுப்பினர் பேச மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். இந்தப் பக்கம் ரொட்டிக்காரரும் மனைவியும் மகளும். வகுப்பு டீச்சர் கோப்புகளை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து ஓரமாக நின்றார்.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த முறை எப்படி உருவானது, எத்தனை பேர் எத்தனை மாநாட்டில் உட்கார்ந்து உருவாக்கினார்கள் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். உறுப்பினர் தலையை ஆட்டினார். கடைசியில் தலைவர் விஷயத்துக்கு வந்தார்.

"வெளிப்படையாவே பேசுவோம். இந்தப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதாங்கிறது இங்க பிரச்சினையே இல்ல. தெரிஞ்ச பிள்ளையைத் தெரியாதுன்னு எழுதினா நஷ்டம் ஒரு பிள்ளைக்கு. சான்று இல்லாம ஒரு பச்சையை ஒட்டினா நஷ்டம் மொத்த முறைக்கும். நீங்களே சொல்லுங்க, எது பெரிசு?"

மனைவி தயங்காமல், எங்களுக்கு எங்கள் பிள்ளைதான் பெரிசு என்றாள். தாயின் கருத்து பதிவு செய்யப்பட்டது. எந்த நிற வட்டம் என்று உறுப்பினர் தலைவரைப் பார்த்தார். பிறகு பார்க்கலாம் என்று தலைவர் கையைக் காட்டினார்.

இவ்வளவு நேரமும் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. தலைவருக்கு முன்னால் மேஜையில் ஒரு தாள் இருந்தது. அவளுக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. அதனால் என்ன, கடையில் அப்பா எதிரே நின்று பொட்டலம் கட்டும்போது அவள் செய்தித்தாளைத் தலைகீழாகப் படித்தே வளர்ந்தவள்.

"சார், உங்களுக்கும் சாம்பலா?" என்று கேட்டாள்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஆறுதலாகக் கேட்டதாகத்தான் நினைத்தாள். யாருக்கும் புரியவில்லை போலிருக்கிறதே என்று, விளக்கமாகவே வாசித்துக் காட்டினாள்.

"'அலுவலர் ஆண்டு மதிப்பீடு. இரகசியம். மதிப்பீட்டுக் குழுத் தலைவர். துறைச் சுற்றறிக்கைகளை வாசித்துப் புரிந்துகொள்ளுதல்: சான்று இல்லை.' உங்களையும் படம் எடுக்கறப்ப குனிஞ்சிட்டீங்களா சார்?"

தலைவர் தாளின் மேல் கையை வைத்து மூடினார். தலைமையாசிரியர் எழுந்து நின்றுவிட்டார். இது ஒழுங்கீனம், இரகசிய ஆவணத்தை அனுமதியில்லாமல் வாசித்த குற்றம், இப்போதே குற்றக் குறிப்பு எழுத வேண்டும் என்று தலைவர் குரலை உயர்த்தினார். ரொட்டிக்காரர் பதறிப்போனார். ஆறாம் வகுப்பு போனது போகட்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்தே தூக்கிவிடுவார்களோ என்று, சின்னப் பிள்ளை சார், தெரியாமல் படித்துவிட்டாள் சார் என்று கும்பிட்டார். மனைவி அவர் கையைத் தட்டிக் கீழே இறக்கினாள்.

எழுதுகிற வேலை வகுப்பு டீச்சருக்கு வந்தது. அவர் காதோரத்துப் பேனாவை எடுத்து, தலைவர் சொல்லச் சொல்ல எழுதினார். நடுவில் நிறுத்தி, மிகவும் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"தட்டுத் தடுமாறி வாசிச்சான்னு போட்டுடட்டுங்களா சார்? சின்னப் பொண்ணு, குற்றம் கொஞ்சம் குறையும்."

"கூடவே கூடாது. தெளிவா வாசிச்சா. என் காதால கேட்டேன்."

"தப்பு ஏதாவது விட்டாளா சார்?"

"ஒரு எழுத்து விடலை."

"அர்த்தம் புரிஞ்சுதான் வாசிச்சாளா, இல்ல சும்மாவா?"

"புரியாமலா என்னைப் பாத்து அப்படிக் கேட்டா?" என்றார் தலைவர்.

டீச்சர் தலையைக் குனிந்து எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். 'மேற்படி மாணவி, நான்கு அடி தூரத்தில் தலைகீழாக இருந்த ஆவணத்தை, எவர் உதவியும் இன்றி, தெளிவாகவும் பிழையின்றியும் பொருள் உணர்ந்தும் வாசித்தார் என்பதை நாங்கள் மூவரும் நேரில் கண்டு உறுதி செய்கிறோம்.' அதேதான், அதேதான் என்று தலைவர் கையெழுத்திட்டார். தலைமையாசிரியர் கையெழுத்திட்டார். உறுப்பினர் தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்திட்டார். முத்திரையைத் தலைவரே வாங்கி ஓங்கிக் குத்தினார். மேஜை அதிர்ந்தது.

டீச்சர் தாளை வாங்கி மையை ஊதிக் காய வைத்தார். தள்ளுவண்டியிலிருந்து மகளின் கோப்பை எடுத்தார், இருபத்தோராம் பக்கத்தைத் திறந்தார், தாளை அதற்குப் பின்னால் செருகினார். கைப்பையிலிருந்து ஒரு பச்சை வட்டத்தை உரித்துச் சாம்பலின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார். வருஷம் முழுக்க எட்டாயிரத்துச் சொச்சம் வட்டம் ஒட்டியவர், ஒன்றையாவது இவ்வளவு ஆசையாக ஒட்டியிருக்க மாட்டார்.

தலைவர் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று தெரியவில்லை. அதற்குள் இடப்பக்கத்து உறுப்பினர், அந்த அறையில் முதன்முதலாகப் பேசினார்.

"முத்திரை விழுந்துடுச்சு சார். இனிமே எடுக்க முடியாது."

மகள் ஆறாம் வகுப்புக்குப் போகலாம் என்று தீர்மானம் ஆயிற்று. ஒழுங்கீனத்துக்குத் தண்டனையாக, 'இனிமேல் அனுமதியில்லாமல் வாசிக்க மாட்டேன்' என்று நூறு தரம் எழுதி வர வேண்டும் என்றார்கள். எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். 'எழுதுதல்' அதுவரைக்கும் மஞ்சளாக இருந்தது. அதுவும் பச்சையாகிவிட்டது.

ஆறாம் வகுப்பின் முதல் நாள் அவள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் பிந்தி வீட்டுக்கு வந்தாள். ரொட்டிக்காரர் கடை வாசலிலேயே நின்றிருந்தார். அவள் கையில் புத்தகம் எதுவும் இல்லை. என்ன ஆயிற்று, நூலகத்துக்குப் போனாயா என்று கேட்டார். போனேன் என்றாள். அலமாரி பதினொன்றா என்றார். பதினொன்றுதான் என்றாள்.

ஆனால் அலமாரிகளில் புத்தகம் இல்லை. எல்லாம் கோப்பு. மதிப்பீட்டுக் கோப்புகளை இருபது வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். புத்தகங்களுக்கு அப்படி விதி எதுவும் இல்லாததால், இடம் போதாமல் அவற்றை எங்கேயோ அனுப்பிவிட்டார்கள். நூலகர் அம்மா இரண்டு வருஷமாக அங்கே தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். இவள் கதவைத் திறந்ததும் வழி தவறி வந்துவிட்டாயா என்று கேட்டாராம்.

இத்தனை பாடும் இதற்குத்தானா என்றார் ரொட்டிக்காரர். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி கையைக் கழுவிவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டினாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. தானும் செருப்பைத் தேடினார்.

"இருங்க, நான் இன்னும் சொல்லி முடிக்கலை" என்றாள் மகள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை என்பதை அப்போதுதான் இரண்டு பேரும் கவனித்தார்கள். "அதெல்லாம் படிக்கலாமான்னு கேட்டேன். படிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலை, படிக்கணும்னும் யாரும் சொல்லலைன்னாங்க. உக்காந்து படிச்சேன். முதல் அலமாரில, மேல் தட்டுல பாதி முடிச்சிட்டேன்."

ஒரு பிள்ளை, உனக்குப் பிடித்த ஒலி எது என்ற கேள்விக்குக் கடைசி மணி என்று எழுதியிருந்ததாம். இன்னொன்று, உன் குடும்பத்தை வரை என்றதற்கு ஒரு பூனையை மட்டும் வரைந்திருந்ததாம். அம்மாவும் அப்பாவும் செருப்போடு நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மூணாங்கிளாஸ் பிள்ளைப்பா ஒண்ணு, பேர் அழிஞ்சு போயிருக்கு. 'உன்னைப் பற்றி ஒரு வரி எழுதுக'ன்னு இருக்கு. அது, 'இதை யாராவது படிக்கிறீர்களா'ன்னு எழுதியிருக்கு. பக்கத்துல பச்சை வட்டம் ஒட்டியிருக்காங்க."

"நீ என்ன பண்ணே?" என்று கேட்டார் ரொட்டிக்காரர்.

"கீழே, 'படிச்சேன்'னு எழுதிட்டு வந்தேன்."